பழைய பாணியும் அங்கதமும்: பூபேன் கக்கரின் கடைத்தெரு ஓவியங்கள்

2016-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் பூபேன் கக்கரின் (1934–2003) ஓவியங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தபோது, நாளேடு ஒன்றின் விமர்சகர் அவரைப் பழமைப் பாணியில் சிக்கிய இரண்டாந்தர ஓவியர் என ஒதுக்கினார். கக்கரைப் போற்றுவோர் பலரோ, தற்பால் விழைவை அவர் வெளிப்படையாக வரைந்த துணிவையே முன்னிறுத்தி, எழுபதுகளின் ஓவியங்களை அதற்கான முன்தயாரிப்பாகச் சுருக்கிவிடுகின்றனர். பழைய பாணி அவருடைய குறையுமன்று, பயிற்சிக் கட்டமுமன்று. அவருடைய அங்கதத்தின் கருவியே அதுதான்.

அக்கருவிக்கு இந்தியாவில் முன்வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொல்கத்தாக் காளி கோயிலைச் சுற்றிப் பட்டுவாக்கள் எனப்பட்ட ஓவியர்கள் மலிவான ஆலைத்தாளில் தீட்டி விற்ற காளிகாட் படங்கள், மேனி மினுக்கும் பாபுக்களையும் மீனைக் கவ்விய துறவிப் பூனையையும் எள்ளின. ககனேந்திரநாத் தாகூர் 1917 முதல் வெளியிட்ட கேலிச்சித்திரங்களில் அந்த எள்ளல் தொடர்ந்தது. ஜாமினி ராய் காளிகாட்டின் கோட்டுமுறையை எடுத்துக்கொண்டு அதன் கூர்மையைக் கைவிட்டார். 1947-இல் பம்பாயில் தோன்றிய முற்போக்கு ஓவியர் குழுவின் கண் பெரிதும் ஐரோப்பிய நவீனத்தின்மீது பதிந்திருந்ததால், காலண்டர் படம் ரசனையற்றவர்களின் பொருளாக நின்றுவிட்டது.

பட்டயக் கணக்காளரான கக்கர் 1962-இல் பரோடாவுக்குக் குடிபெயர்ந்து, கணக்கு வேலையைப் பகுதிநேரமாகத் தொடர்ந்தபடியே வரைந்தார். அறுபதுகளில், எண்ணெய் ஓவியம்போல் தோன்றும்படி அச்சிடப்பட்ட ஒலியோகிராப் சாமிப் படங்களைத் துணிச்சலாக வெட்டி ஒட்டிய அவர், அடுத்த பத்தாண்டில் கம்பெனி ஓவியத்தின் பக்கம் திரும்பினார். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக இந்திய ஓவியர்கள் வரைந்த இவ்வகைப் படங்களில், தஞ்சாவூரில் தீட்டப்பட்டவை உட்பட, மனிதர்கள் சாதிக்கும் தொழிலுக்கும் மாதிரிகளாக நிறுத்தப்பட்டனர். ஆள்வோர் வகைப்படுத்திப் பார்த்த அதே சட்டகத்துக்குள் கக்கர் கடிகாரம் பழுதுபார்ப்பவரையும் (‘ஜனதா வாட்ச் ரிப்பேரிங்’, 1972) தையற்காரரையும் (‘டீலக்ஸ் டெய்லர்ஸ்’, 1972) முடிதிருத்துபவரையும் வைத்து, அவர்களை மாதிரிகளாக அல்லாமல் தனிமனிதர்களாக நிமிர்த்தினார்.

இவற்றின் உச்சம் ‘பிளாஸ்டிக் பூங்கொத்துடன் ஒரு மனிதர்’ (1975). நேர்முகமாக நம்மைப் பார்த்து நிற்கும் சோகமுகத்தவர் ஒருவர் நடுவில் பெரிதாகத் தீட்டப்பட்டிருக்க, அவரைச் சூழ்ந்து சிறு காட்சிகள் அமைகின்றன. சாமிப் படத்தில் தெய்வம் நிற்கும் இடம் அது; தெய்வத்தின் திருவிளையாடல்கள் வரவேண்டிய ஓரங்களிலோ அன்றாட வாழ்வு வருகிறது. வாடாத போலிப் பூக்கள் சிரிப்பைத் தூண்டினாலும், அம்மனிதருக்குக் கிடைத்திருக்கும் சந்நிதி அச்சிரிப்பை அவர்மேல் தங்கவிடாமல், அவரை எளியவராக எண்ணிய பார்வையாளரின் ரசனைச் செருக்கின்மேல் திருப்பிவிடுகிறது. உருவத்தைச் சிதைக்கும் நவீன பாணி அவர்மேல் இரக்கத்தை வரவழைத்திருக்கும். மரியாதையையும் கேலியையும் ஒருசேர ஏந்தப் பழைய சட்டகத்தால்தான் முடிந்தது.

1981-இல் வந்த ‘எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது’ என்னும் ஓவியத்தில், மாடத்தில் ஆடையின்றி நிற்கும் ஒருவர், தந்தையும் மகனும் கழுதையுமாகிய ஈசாப் கதை கீழே நிகழ்வதைப் பார்க்கிறார். 1996-இல் டேட் வாங்கிய இவ்வோவியத்தின் பெருமை ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் ஒரே பரப்பில் பல காட்சிகளை அடுக்கும் முறையும் சலனமற்ற நிதானமும் கடைத்தெருவில் கைவந்தவை. அவற்றை மறைத்து இதைத் திடீர்ப் பிறப்பாகக் காட்டுவது, ஓவியத்தை ஒப்புதல் வாக்குமூலமாக மட்டும் வாசிக்கும் பழக்கத்தின் விளைவு.

இன்று தீப்பெட்டிச் சித்திரங்களையும் சினிமா பேனர்களையும் நகலெடுக்கும் ஓவியங்கள் கண்காட்சிகளில் பெருகியுள்ளன. அவற்றுள் பல, கடந்த காலத்தின்மேல் எழும் ஏக்கத்தை விற்பதோடு ஓய்ந்துவிடுகின்றன. பழைய சட்டகத்துக்குள் இன்றைய மனிதர் ஒருவரை முழு மதிப்போடு நிறுத்தத் துணிவதே அங்கத ஓவியம் செல்லவேண்டிய திசை. அதற்குரிய அளவுகோலைக் கக்கரின் கடைக்காரர்கள் ஏற்கெனவே வகுத்துத் தந்துவிட்டார்கள்.