பதினொரு குடும்பமும் சபைதான்

"உங்க சபையில எத்தனை குடும்பம் தம்பி?" என்று கேட்டார் அந்தப் பெரியவர். "பதினொரு குடும்பம் ஐயா. மாதத்தில இரண்டு ஞாயிறு போதகர் வந்து ஆராதனை நடத்துவார்" என்றேன். "பதினொண்ணா! அது சபையா, குடும்ப ஜெபமா?" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரோடு வேறு கதைக்குப் போய்விட்டார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து போயிருந்தபோது, தமிழ்நாட்டில் நாசரேத்துக்கு அருகே, என் மைத்துனி வாழ்க்கைப்பட்ட கிராமத்தில், அசனப் பண்டிகைப் பந்தியில் நடந்த பேச்சு இது. அவர் மனம் நோகச் சொல்லவில்லை. பெரிய சபையில் பிறந்து பெரிய சபையில் வளர்ந்தவருக்கு வேறு கேள்வி வராது. அன்று நான் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அங்கே கண்டதைச் சொல்ல வேண்டும். ஊரின் நடுவில் ஆலயம். விடியுமுன் மணி அடிக்கிறது; உபதேசியார் வந்து கதவைத் திறக்கிறார்; வேலைக்குப் போகுமுன் ஒரு கூட்டம் வந்து ஜெபித்துவிட்டுப் போகிறது. உபதேசியாருக்குச் சம்பளம் கொடுப்பது சபையார்தான். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அந்த வாரம் மூன்று நாள் கன்வென்ஷன் வேறு. ஆலய வளவில் மேடை, தெரு முனைவரைக்கும் ஒலிபெருக்கி, பிரசங்கியாரின் முகம் அச்சிட்ட பெரிய பிளக்ஸ் பலகை. அவர் வெளியூரிலிருந்து காரில் வந்தார். ஆராதனை வீரர்கள் பாடி முடித்ததும் மேடை ஏறினார், ஒன்றரை மணிநேரம் தேவசெய்தி கொடுத்தார், வரிசையில் நின்றவர்களின் தலையில் கைவைத்து ஜெபித்தார், இரவே புறப்பட்டுப் போனார். வேதத்தில் அவருக்கு இருந்த பழக்கம் சாதாரணமானதல்ல. வசனங்கள் நாவில் நின்றன. ஆனால் மூன்று நாளும் அவர் அந்த ஊரில் எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை. ஏறவேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. சங்கரன்கோவில் பக்கம் சின்னச் சின்னச் சபைகள் உண்டு, அங்கே வேறு மாதிரி என்று மைத்துனியின் கணவர் சொன்னார். போய்ப் பார்க்க நாள் கிடைக்கவில்லை.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சபைகளில் பிரசங்கியார் வீடு தேடி வருவார். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பிரசங்கிமாரின் குணம் அல்ல, ஊர்கள் உண்டான விதம். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவம் ஊர் ஊராக வந்தது. 1799இல் முதலூர் என்ற பெயரிலேயே ஒரு கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டானது. அதற்குப் பிறகு நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று வரிசையாக வந்தன. பெரியப்பன், சித்தப்பன், மாமன், மச்சான் எல்லாரும் ஒரே ஆலயத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். அப்படிப்பட்ட ஊருக்கு வரும் பிரசங்கியாருக்கு முன்னால் கூட்டம் தயாராக இருக்கிறது. அவர் பேச வேண்டியதுதான் பாக்கி.

யாழ்ப்பாணத்தில் அப்படி இல்லை. 1816இல் வந்த அமெரிக்க மிசனார் பள்ளிக்கூடங்களால் காலூன்றினார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்கள் பாடசாலை. அங்கே படித்த ஒரு பிள்ளை, ஒரு வீடு, ஒரு சகோதரன் என்று தனித்தனியாகத்தான் மனம் திரும்பினார்கள். அண்ணன் சைவம், தம்பி வேதம். இன்றைக்கும் எங்கள் பதினொரு குடும்பத்தில் சைவ உறவினர் இல்லாத குடும்பம் ஒன்றுகூட இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீட்டில் கந்த சஷ்டி விரதம், இந்தப் பக்கம் எங்கள் வீட்டில் லெந்துக்கால ஜெபம். ஆகவே எங்களிடம் வருகிற பிரசங்கியார் கூட்டத்தைத் தேடி வருவதில்லை. வீடு வீடாகத்தான் வர வேண்டும்.

வருவதும் அப்படித்தான். சனிக்கிழமை பின்நேரம் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ வந்து ஒழுங்கை முகப்பில் நிற்கும். தோளில் ஒரு பை. அதற்குள் வேதாகமம், பாட்டுப் புத்தகம், திருவிருந்துச் சாமான் சிறிய பெட்டியில். முதல் வீட்டில் தேத்தண்ணி, அடுத்த வீட்டில் சங்கீதம் வாசித்து ஜெபம், மூன்றாவது வீட்டில் படுக்கையில் இருக்கும் ஆச்சிக்குத் திருவிருந்து. சாதாரணதரப் பரீட்சையில் கணிதம் தவறிய பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியும். காணிப் பிரச்சினையில் ஆறு மாதம் பேசாமல் இருக்கும் இரண்டு வீட்டாரையும் தெரியும். அன்று இரவு அந்த இரண்டு வீட்டில் ஒன்றில்தான் சாப்பிடுவார், மற்றதில் படுப்பார். மறுநாள் காலை பிரசங்கம் இருபது நிமிடம் மட்டும். ஆனால் அந்த இருபது நிமிடமும் முதல்நாள் தான் ஏறி இறங்கிய விறாந்தைகளை நினைத்துப் பேசுவார். அதைக் கேட்கிறவருக்குத் தெரியும். பிளக்ஸ் பலகை இல்லாமலே முகம் தெரிந்த மனிதர் அவர்.

தீவுப்பகுதிக்குப் போகிறவரின் பாடு இன்னும் பெரிது. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகேற வேண்டும்; கடல் நல்லாயிருந்தால் ஒரு மணிநேரம். சோளகக் காலத்தில் கடல் குழம்பினால் போனவர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்குவார். அப்படித் தங்குகிற நாட்களில்தான் ஞானஸ்நான வகுப்பும், கோபதாபம் தீர்க்கிற பேச்சும், இளம் பிள்ளைகளுக்குப் புதுக் கீர்த்தனையும் நடக்கும். சபையார் கடலைத் திட்டமாட்டார்கள். அந்தத் தீவின் பவளக்கல் மதில்களுக்கிடையே நாலைந்து வீட்டாரைப் பார்க்க ஒரு மனிதன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பதே அவர்களுக்குப் பெரிய பிரசங்கம்.

இன்னொன்றையும் அந்தப் பெரியவர் அறிய வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவப் பிரசங்கியாருக்குக் காது கொடுப்பவர்கள் கிறிஸ்தவர் மட்டும் அல்ல, எளிதில் திருப்தியாகிறவர்களும் அல்ல. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலரே, 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அன்று முதல் எங்கள் ஊர்ச் சனத்துக்குப் பிரசங்கம் என்றால் தமிழ் சுத்தமாக இருக்க வேண்டும், பொருள் நிரலாக வர வேண்டும். ஒரு சிறு வீட்டுக் கூட்டத்திலும் வேலிக்கு அப்பால் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் சைவப் பெரியவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். கத்தினால் எழுந்து போய்விடுவார். எங்கள் பிரசங்கிமார் குரலை உயர்த்தாமல் பேசப் பழகியது இதனால்தான். அதைத் "தணல் இல்லாத பிரசங்கம்" என்று நாசரேத்துப் பக்கம் ஒருவர் சொன்னார். தணல் சத்தத்தில் இருக்கிறது என்று நினைப்பவரோடு எனக்கு வாதம் இல்லை.

சொற்களும் வேறுபடுகின்றன. 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்திய திருச்சபை பிறந்தபோது யாழ்ப்பாணமும் அதில் ஒரு பகுதியாகச் சேர்ந்தது. சபாபதி குலேந்திரன் எங்கள் முதல் பேராயர். ஆகவே நாங்கள் அந்நியர் அல்ல, ஒரே திருச்சபை. ஆனால் திருநெல்வேலியார் திருமண்டலம் என்பதை நாங்கள் ஆதீனம் என்கிறோம். ஆதீனம் என்றதும் மைத்துனியின் மாமியார் திருவாவடுதுறையை நினைத்துக்கொண்டு "அது மடம் இல்லையா?" என்றார். இல்லை அம்மா, சைவர் நடுவே வாழ்ந்த எங்கள் முன்னோர் அவர்கள் சொல்லையே மரியாதையோடு எடுத்துக்கொண்டார்கள் என்றேன். பல சபைகள் சேர்ந்ததைக் குறிக்கும் சேகரம் என்ற சொல் அங்கே வீட்டுக்கு வீடு புழங்குகிறது. எங்களிடம் மெதடிஸ்த சபையார்தான் அதைச் சொல்வார்கள். மூன்று மாதத்துக்கு எந்த ஞாயிறு எந்த ஆலயத்தில் யார் பிரசங்கிப்பார் என்று அவர்கள் அட்டவணை அச்சிட்டுவிடுவார்கள். அதில் பாதிப் பெயர் ஆசிரியர்களும் லிகிதர்களுமான உள்ளூர்ப் பிரசங்கிமார். சம்பளமில்லாமல் பஸ் ஏறிப் போய்ப் பிரசங்கித்துவிட்டு வருகிற அவர்கள் இல்லாவிட்டால் பல சிறு ஆலயங்கள் மூடிக் கிடந்திருக்கும்.

வரலாற்றைப் பேசினால் கொஞ்சம் உரத்துப் பேசவேண்டியிருக்கிறது. அமெரிக்க மதுரை மிசன் 1834இல் தொடங்கியது யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களால். மிசனாரோடு இங்கே படித்த தமிழ் உதவியாளரும் கடல் கடந்தார்கள். பின்னாளில் யாழ்ப்பாணத்து மாணவர் மிசன் சங்கம் ஒன்று, பாக்குநீரிணைக்கு அக்கரையில் தொண்டியில் ஊழியரை வைத்தது.  1902இல் யாழ்ப்பாணம் வந்த திருநெல்வேலிச் சீமைக்காரரான வேதநாயகம் சாமுவேல் அசரியா இந்த முயற்சியைக் கண்டு உள்ளம் தூண்டப்பட்டார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிசனரி சங்கம் உண்டானது. அது தெலுங்குப் பகுதியிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது. இத்தனை பெரிய சபை, அனுப்பும் வழக்கத்துக்கான தூண்டுதலை எங்கள் சின்னச் சபைகளிடம் பெற்றது என்று பந்தியில் இருந்த எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அவர்கள் எங்களுக்குத் தந்ததையும் மறைக்கமாட்டேன். இலங்கை மலையகத்தில் கோப்பித் தோட்டத் தொழிலாளரிடையே 1854இல் தொடங்கிய மிசனுக்கு உபதேசிமார் வந்தது திருநெல்வேலியிலிருந்து. பெரிய ஊரை விட்டு வந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் தோட்டம் தோட்டமாக, லயம் லயமாக நடந்தவர்கள் அவர்கள். அதே ஆண்டு வட திருநெல்வேலியில் ராக்லண்ட் ஐயரும் அவர் தோழர்களும் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றும் ஊழியத்தைத் தொடங்கினார்கள். கேம்பிரிட்ஜில் பெரும் படிப்புப் படித்த அவர் 1858இல் சிவகாசியில் இறக்கும்வரை கூடாரத்திலேதான் பெரும்பாலும் வாழ்ந்தார். அப்படிப் பார்த்தால் வீடு தேடிப் போகும் வழக்கம் அவர்களிடமும் இருந்ததுதான். பெரிய ஆலயங்கள் எழுந்தபின் அது மங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்களிடம் மங்காததற்குப் போரும் ஒரு காரணம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் போதகர்மார் சைக்கிளில்தான் சபைகளைச் சுற்றினார்கள். திருவிருந்துக்கு எங்கள் தோட்டத்து முந்திரிகைச் சாறு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது ஆலயம் பின்னால் நின்றுவிட்டது, சபை தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சிதறியது. எங்கள் போதகர் பதுங்குகுழி அருகிலும் தறப்பாள் கொட்டிலிலும் ஒவ்வொரு குடும்பமாகத் தேடிக் கண்டுபிடித்தார். யார் எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த மரத்தடியில் என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்திருந்தார். ஆயிரம் குடும்பம் உள்ள சபையில் இப்படி ஒரு கொப்பி எழுத முடியுமா? முடியாது. அந்தக் காலத்தில் சிறிய சபை என்பதே எங்களைக் காப்பாற்றியது.

இப்போது எங்கள் ஊரிலும் மேடைகள் எழும்புகின்றன. தமிழ்நாட்டிலிருந்து பெயர்பெற்ற ஊழியர்கள் விமானத்தில் வந்து யாழ்ப்பாண நகரில் கூட்டம் நடத்திவிட்டு இரண்டாம் நாளே திரும்புகிறார்கள். எங்கள் இளம் பிள்ளைகள் அதுதான் ஊழியம் என்று நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். அச்சிட்ட அட்டவணையில் பெயர் கொடுக்க ஆளில்லை. இது எனக்குக் கவலை தருகிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது. அதில் வருகிற ஊழியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: நகரத்துக் கூட்டம் முடிந்ததும் ஊருக்கு ஓடிவிடாதீர்கள். ஒரு சனிக்கிழமை எங்கள் பதினொரு வீட்டுக்கும் வாருங்கள், அல்லது நெடுந்தீவுக்குப் படகேறுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம். இரவு தங்குங்கள், புட்டும் மீன்குழம்பும் தருவோம். எங்கள் ஊர் இளைஞரிடமும் கேட்கிறேன்: வருகிற அட்டவணையில் ஒரு ஞாயிற்றுக்காவது உங்கள் பெயரைக் கொடுங்கள்.