ஆய்வேட்டின் படிகள்

பட்டத்திற்கென எழுதப்படும் ஆய்வேடு பல படிகளைக் கடந்தே நிறைவெய்துகிறது. தலைப்பைப் பதிதல், முன்னோர் எழுதியவற்றைக் கற்றல், சான்று திரட்டல், இயல் வகுத்து எழுதுதல், ஏட்டை ஒப்படைத்தல், தேர்வாளர் முன் வாய்மொழியாக விடையளித்தல் என்பன அப்படிகள். மலாக்கா மாநிலத்துச் செலண்டார், ஜாசின் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவருக்கு இவை அலுவலகப் படிவங்களாகவே தோன்றுதல் கூடும். அவ்வாறு கருதுவோர் பாதி வழியிலேயே சோர்ந்து நின்றுவிடுவதும் உண்டு. உண்மையில் ஒவ்வொரு படியும் ஒரு சல்லடை. அதில் சலிக்கப்படுவது ஆய்வாளர் எழுப்பிய வினாவேயாகும். சங்கப் பாடல்களைப் பற்றி எழுந்த மூன்று ஆய்வுகளை ஒருங்கு வைத்து நோக்கின் இது விளங்கும்.

மு. வரதராசனார் திருப்பத்தூரில் அலுவலக எழுத்தராக இருந்து, தாமே பயின்று, 1935இல் வித்துவான் தேர்வில் வென்றார். 1939இல் பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் எனப் பதின்மூன்று ஆண்டுகளில் படிப்படியாக ஏறினார். சங்க இலக்கியத்தில் இயற்கை என்பது அவரது முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். புலவர்கள் இயற்கையை எவ்வாறு கையாண்டனர் என்பதே வினா. மரமும் மலையும் மழையும் தமக்காகப் பாடப்படவில்லை. மாந்தர் உணர்ச்சிக்குப் பின்னணியாகவே பாடப்பட்டன என்பது அவர் கண்ட விடை. சான்றுகளைத் தொகுத்து வகைப்படுத்தும் ஒழுங்கு அவ்வாய்வின் பெருஞ்சிறப்பு. ‘எவ்வாறு’ என்பது ஓங்கி நிற்க, ‘ஏன்’ என்பது பின்தங்கி நிற்பது அதன் எல்லை.

தனிநாயக அடிகள் உரோமையில் இறையியலில் முனைவர் பட்டம் பெற்ற பின்னரே தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராக அமர்ந்தார். எம்.லிட். பட்டத்திற்கு அவர் கொண்ட பொருளும் பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கையே. ஆயினும் கிரேக்க, இலத்தீன் கவிதையை அறிந்த கண்ணோடு நோக்கியமையால், நிலத்தையும் ஒழுக்கத்தையும் இணைக்கும் திணைநெறியின் தனித்தன்மை அவருக்குப் புலப்பட்டது. பொருள் ஒன்றே; வினா வேறு. முன்னோர் நூல்களைக் கற்கும் படியின் பயன் இதுவே. பிறர் சொன்னதை அடுக்கிக் காட்டுவதற்காக அது அமையவில்லை. சொல்லாமல் விட்டதைக் காண்பதற்காகவே அமைந்தது. பின்னர் 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்ற அடிகள், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டையும் நடத்தினார்.

மூன்றாமவர் கோலாலம்பூரில் 1933இல் பிறந்து யாழ்ப்பாணத்தில் பயின்ற க. கைலாசபதி. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் அவர் செய்த ஆய்வு, தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலாக 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. திரும்பத் திரும்ப வரும் தொடர்களை ஓமரின் காவியங்களோடு ஒப்பிட்டு, சங்கப் பாடல்கள் வாய்மொழி மரபில் பிறந்தவை என்றார் அவர். துணிந்த வினா, துணிந்த விடை. ஆனால், அவை வாய்மொழிப் பாணரைப் பின்பற்றிக் கற்ற புலவர் இயற்றியவை என்று ஜார்ஜ் ஹார்ட் 1975இல் மறுத்தெழுதினார். வாய்மொழித் தேர்வு பட்டத்தோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. மறுக்கப்படத் தக்க தெளிவோடு முடிவைச் சொன்னதே அவ்வாய்வின் வெற்றி.

இம்மூவருக்கும் பொதுவான பேறு ஒன்று உண்டு. அவர்களுக்கு முன்பே சான்றுகள் அச்சேறியிருந்தன. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்திராவிடில் இவ்வாய்வுகள் எங்ஙனம் எழும்?

தோட்டத்து வாழ்வை ஆராயப் புகும் மாணவருக்கு அப்பேறு பெரிதும் வாய்ப்பதில்லை. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் அச்சு நூல்களை இராம. சுப்பையா 1969இல் ‘தமிழ் மலேசியானா’ என்னும் பட்டியலாகத் தொகுத்தார். அது பெரும் பணி. எனினும் லயத்துத் தாலாட்டும் ஒப்பாரியும், பெரட்டு, ஒட்டுப்பால், கித்தா மரம் முதலிய தோட்டத்துச் சொற்களும் அவற்றின் கதைகளும் முதியோர் நாவில் வாழ்பவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால் மரம் நின்ற இடங்களில் செம்பனை எழுந்தது, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. முதியோர் ஒருவர் மறைந்தால் அவரோடு ஓர் ஏடும் மறைகிறது.

ஆகலின் இத்தகைய ஆய்வில் படிகளின் வரிசையை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். தலைப்பைப் பதிந்துவிட்டுச் சான்று தேடப் புறப்படுவது நூலகத்தில் அமர்ந்து செய்யும் ஆய்வுக்குப் பொருந்தும். தோட்டத்தை ஆராய்பவர் பதிப்பாசிரியர் பணியையும் தாமே ஏற்க வேண்டியவர். பட்டப்படிப்பில் சேர்வதற்கு முன்பே, விடுமுறைக்கு வீடு திரும்பும்போதே, பாட்டியின் பாட்டை ஒலிப்பதிவு செய்து, பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு எனக் குறித்துவைத்தல் வேண்டும். வினா அக்குறிப்பிலிருந்து பிறக்கட்டும். தலைப்பு அதன்பின் வரலாம். படிவங்களுக்கும் அதன்பின் காலம் உண்டு.