எந்த அடுக்கில் கை வைப்பது?

தசாவதாரக் கஞ்சிஃபா என்னும் சீட்டாட்டத்துக்கு, அவதாரத்துக்கு ஒன்றாக 10 இனங்கள். ஒவ்வோர் இனத்திலும் ஒரு ராஜா, ஒரு மந்திரி, ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள். ஆக 120 வட்டச் சீட்டுகள். நிரல் எழுதுபவர் கண்ணுக்கு அது 12 உறுப்புள்ள 10 அரேக்களைத் தனக்குள் வைத்திருக்கும் ஓர் அரே.

ஆட்டத்தின் நுட்பம் தரவரிசையில் இருக்கிறது. ஐந்து இனங்களில் மந்திரிக்கு அடுத்தது பத்து; மற்ற ஐந்தில் எண்கள் தலைகீழாகி, ஒன்று மேலே வந்துவிடும். இதை நிரலாக்க, வெளி அரேயின் வரிசை மாற வேண்டாம். ஐந்து உள் அரேக்கள் மட்டும் மாறினால் போதும். அவற்றிலும் முதல் இரண்டு இடங்களை விட்டுவிட்டு மீதிப் பத்தை மட்டும் புரட்ட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மேப், ஒரு நிபந்தனை, ஒரு ஸ்லைஸ், 2023-இல் வந்த டுரிவர்ஸ்டு: நாலே வரி.

அந்த நாலு வரியின் நயம், தொடாமல் விட்டதில் இருக்கிறது. புதிய கட்டில் புதிதாகப் பிறப்பவை வெளி அரேயும் ஐந்து உள் அரேக்களும்தான். மற்ற ஐந்தும் பழைய கட்டோடு பொதுவானவை. அவற்றுக்கு நகல் எடுக்கும் செலவு இல்லை, பழைய கட்டும் கெடவில்லை.

இதே பகிர்வு தெரியாமல் நேர்ந்தால் வினை. பைத்தானில் பூஜ்ஜியங்கள் அடங்கிய ஒரு வரிசையை இன்னொரு பட்டியலுக்குள் வைத்து, அந்தப் பட்டியலைப் பத்தால் பெருக்கிப் பத்து வரிசை உண்டாக்கினால், கிடைப்பது ஒரே வரிசைக்குப் பத்துச் சுட்டிகள். மச்சாவதார இனத்தின் ராஜாவை மாற்றினால் கல்கியின் ராஜாவும் மாறிவிடுவார்.

1868 வரை வாழ்ந்த மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் இரண்டு அடுக்கிலும் கை வைத்தவர். அவர் வகுத்த ஆட்டங்கள் சிலவற்றில் இனங்கள் 18 வரை பெருகின. இனத்துக்குள் எண் சீட்டுகள் 12, அரசவைச் சீட்டுகள் 6 என்பது வழக்கமாயிற்று. பெரிய கட்டுகள் 360 சீட்டுகளைத் தொட்டன. பத்தையும் பன்னிரண்டையும் கையால் எழுதிவைத்த நிரல் இந்த அரண்மனைக் கட்டின் முன் திணறும். நீளத்தை அரேயிடமே கேட்டுக்கொள்ளும் நிரலுக்கு மைசூர்க் கட்டும் இன்னொரு கட்டுதான்.

தசாவதாரக் கட்டுக்கே திரும்பினால், அதைக் கலைத்துப் போடும்போது அடுக்கே வேண்டாம். ஃபிளாட் எல்லாவற்றையும் ஒரே வரிசையாக்கும். மூவருக்கு ஆளுக்கு 40 எனப் பிரித்தபின், கைக்கு வந்தவை மறுபடி இனவாரியாக அடுக்கப்படும். ஒரே 120 சீட்டுகள், வேலைக்கேற்ப மூன்று வடிவங்கள்.

நல்ல நிரலைப் படிக்கையில், எந்த அடுக்கு மாறியது, எது அப்படியே நின்றது என்பது வரியிலேயே தெரிய வேண்டும். அது தெரியாத நிரல் சரியான விடை தந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.