சிவப்புக்குச் சிவப்பா?

கச்சிபௌலி அடுக்ககத்தில் ஒரு ஞாயிறு மதியம். கோட்டி குஜராத்தி கல்லியில் வாங்கிய வூஃபரும் ட்வீட்டரும் மேசைமேல் கிடக்கின்றன. கையில் 1.5 வோல்ட் பேட்டரி. அதன் பாசிட்டிவ் முனை வூஃபரின் சிவப்பு முனையைத் தொடும்படி ஒரு கணம் வைத்தெடுத்தால் கூம்பு முன்னால் எட்டிப் பார்க்கும். மாற்றி வைத்தால் உள்ளே பதுங்கும். இந்தத் துள்ளல் எனக்கு அலுப்பதே இல்லை. (ட்வீட்டரில் செய்து பார்க்காதீர்கள், அதன் சுருள் மிக மெல்லியது.)

அப்படியானால் சிவப்புக்குச் சிவப்பு என்று இணைத்துவிட்டால் போதாதா? அங்கேதான் வேடிக்கை. கிராஸ்ஓவர் ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் எனப் பிரிக்கும்போது ஃபேஸையும் நகர்த்திவிடுகிறது. ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரியும் கிராஸ்ஓவர் வகையில், பிரியும் அதிர்வெண்ணில் இரண்டுக்கும் 180 டிகிரி விலகல். ஒன்று தள்ள, மற்றது இழுக்கும். ஒலியின் நடுவே பள்ளம். அதனால் ட்வீட்டரைத் தலைகீழாக இணைப்பார்கள். 24 டெசிபல் சரியும் லிங்க்விட்ஸ்-ரைலி வகையில் விலகல் 360 டிகிரி, அதாவது முழுச்சுற்று. நேராகவே இணைக்கலாம்.

இதெல்லாம் காகிதத்தில். பெட்டியில் வூஃபரின் சுருள் ட்வீட்டருடையதைவிடப் பின்தள்ளி இருப்பதால் கணக்கு சறுக்கும். எனவே ட்வீட்டர் வயரை வேண்டுமென்றே மாற்றி, பிரியும் அதிர்வெண்ணில் ஒலிக்கவிட்டு, மைக்கில் அளப்பேன். ஆழமான குழி விழுந்தால் எனக்குக் கொண்டாட்டம். வயரைத் திருப்பினால் இரண்டும் கச்சிதமாகச் சேரும்.

இடப் பெட்டியில் எப்படியோ வலப் பெட்டியிலும் அப்படியே. மூடி திருகுமுன் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.