கயிற்றின் உள்முனை

ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு நெட்டுருப் போடுவது அவற்றுக்குச் செய்யும் அநியாயம். 'டேக்கன் அபேக்' என்றால் திகைத்துப்போதல் என்று பட்டியல் முடித்துவிடும். அது பாய்மரக் கப்பலில் பிறந்த தொடர். காற்று சட்டென்று திசை மாறி முன்னாலிருந்து அடிக்கும். விரிந்த பாய் பின்வாங்கிப் பாய்மரத்தோடு அப்பிக்கொள்ளும். ஓடிய கப்பல் திணறி நிற்கும். ஆக, இது வெறும் வியப்பல்ல, ஆளை நிறுத்திவைக்கும் வியப்பு. பரிசு கிடைத்துத் துள்ளுகிறவருக்கு ஒட்டாது. சாதுவான நண்பர் திடீரென்று சீறும்போது கச்சிதமாக உட்காரும். கடைசி எல்லையைக் குறிக்கும் 'பிட்டர் எண்ட்' தொடரைக் கேட்டால், 'பிட்டர்' என்ற கசப்பால் நமக்குப் பாகற்காய்தான் நினைவுக்கு வரும். ஆனால் கப்பல்தளத்தில் நங்கூரக் கயிற்றைச் சுற்றிவைக்கும் கட்டைக்குப் 'பிட்' என்று பெயர். கட்டைக்கு உட்புறம் கிடக்கும் கயிற்று முனையை 'பிட்டர் எண்ட்' என்னும் பெயரால் ஜான் ஸ்மித் 1627-இல் வெளியிட்ட 'சீ கிராமர்' நூலிலேயே குறித்திருக்கிறார். அதுவரை ஓடிவிட்டால், இறக்கக் கயிறு மிச்சமில்லை. விவிலியத்தின் நீதிமொழிகளில் வரும் கசந்த முடிவும் இதில் கலந்திருக்கலாம்.

லண்டன் பேருந்தில் பேசுகிறவருக்குக் கயிறும் கட்டையுமா தெரியும் என்று கேட்கலாம். தெரியவேண்டியதில்லை, பிறந்ததிலிருந்து காதில் விழுந்து அவருக்கு அளவு பிடிபட்டிருக்கிறது. வெளியிலிருந்து கற்கிறவருக்கு அந்த வசதி ஏது? அவருக்குத் தொடருக்குப் பின்னால் இருக்கும் படமே அளவுகோல். பிறப்புக் கதைகளில் பாதி கட்டுக்கதை என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். உண்மைதான். 'நாயும் பூனையுமாக மழை' என்பதற்குக் கூரையிலிருந்து அவை வழுக்கி விழுந்ததாகச் சொல்லும் கதை வெறும் புனைவு. அந்தத் தொடருக்கு உறுதியான மூலம் இன்னும் கிடைக்கவில்லை.