வெந்த வனத்தின் அழுகுரல்

உரோமக் கவிஞர் ஓவிட் இயற்றிய ‘உருமாற்றங்கள்’ பதினைந்து காண்டங்களைக் கொண்ட பெருநூல். கி.பி. 8ஆம் ஆண்டில் அவர் நாடு கடத்தப்பட்டபோது அது ஏறத்தாழ முற்றுப்பெற்றிருந்தது. அதன் இரண்டாம் காண்டத்தின் தொடக்கத்தில் வரும் ஃபேத்தோன் கதையைப் பலரும் அறிவர். கதிரவனின் மகன் தந்தையின் தேரை ஒரு நாள் செலுத்த வரம் பெற்று, குதிரைகளை அடக்கமாட்டாமல் உலகை எரித்துவிடுகிறான். அகந்தைக்கு எச்சரிக்கையாக இக்கதையைக் கூறுவோர், இளைஞன் விழுந்த இடத்தில் நிறுத்திக்கொள்வர். ஓவிட் அங்கே நிறுத்தவில்லை. எரிந்தபின் எஞ்சியோர் எவ்வாறு அழுதனர், அவர்களை யார் தேற்றினர் என்று அவர் தொடர்ந்து எழுதுகிறார். ஆயர் பணிக்கு ஆயத்தமாவோர் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி அதுவே என்பது நம் துணிபு.

மலைக்கும் மரத்திற்கும் சுனைக்கும் உரியவராகக் கிரேக்கரும் உரோமரும் எண்ணிய இளம் பெண்தெய்வங்களை, நம் பண்டை இலக்கியச் சொல்லால் அரமகளிர் எனலாம். ஆத்தோஸ், ஈடா முதலிய மலைகளும் அவற்றின் காடுகளும் பற்றியெரியும்போது, நீரரமகளிர் கூந்தலை விரித்து, வற்றிப்போன தங்கள் ஊற்றுகளுக்காகவும் ஏரிகளுக்காகவும் அழுகின்றனர். இதற்குக் கவிஞர் ஒதுக்குவது ஓரிரு அடிகளே. அவர்கள் ஒருவரையொருவர் நோக்குவதாகவோ, ஒருத்தி மற்றொருத்தியின் கையைப் பற்றுவதாகவோ அங்கு ஒரு சொல்லும் இல்லை. கடலரமகளிர் தந்தை நெரேயுசுடனும் தாய் தோரிசுடனும் ஆழ்குகைகளில் ஒளிந்துகொள்கின்றனர். பேரிடரின் முதல் வேளையில் துயரம் இவ்வாறுதான் மனிதரைத் தனித்தனியே அடைத்துவைக்கிறது. ஓவிட் இதை மிகைப்படுத்தாமல் காட்டியிருப்பது பாராட்டத்தக்கது.

வாய் திறந்து வழக்காடுபவள் நிலமகள் ஒருத்தியே. கரிந்த தலைமயிரையும் கண்ணில் படிந்த சாம்பலையும் காட்டி, ஏர் கீறிய புண்களைப் பொறுத்து, கால்நடைக்குப் புல்லும் மாந்தர்க்குத் தானியமும் தேவர்க்கு நறும்புகையும் ஈந்ததற்கு இதுவோ கைம்மாறு என்று அவள் யூப்பித்தரைக் கேட்கிறாள். இதனை யோபுவின் வழக்கோடு ஒப்பிடத் தோன்றுவது இயல்பு. ஆயினும் நம் கவனத்தை ஈர்ப்பது அடுத்த பகுதி. நான் குற்றவாளியாகவே இருந்தாலும் கடல் என்ன செய்தது, விண்ணைத் தாங்கும் அத்லாஸ் தளர்கின்றானே என்று, தன் மூச்சடைக்கும் வேளையிலும் அவள் பிறர்க்காகப் பரிந்து பேசுகிறாள்.

யூப்பித்தரின் இடியேறு ஃபேத்தோனை வீழ்த்துகிறது. தாய்நாட்டிற்கு வெகு தொலைவில், எரிதனுஸ் ஆற்றின் அருகே, புகைந்துகொண்டிருக்கும் அவ்வுடலை அடக்கம் செய்பவர் யார்? மேற்றிசை நீரரமகளிர்! அவன் மூட்டிய தீயில் தங்கள் இனத்தாரின் நீர்நிலைகளை இழந்தவர்கள் அவர்கள். அவனது தோல்வியை மறைக்காமலும் துணிவைப் பழிக்காமலும் கல்லறைமேல் எழுத்துப் பொறித்துவிட்டு அவர்கள் கதையிலிருந்து மறைகின்றனர். மன்னிப்பு என்ற சொல்லைக் கவிஞர் கையாளவில்லை, கையாளாததே நன்று. நூலின் இப்பகுதியில் இதனினும் உயர்ந்த செயல் வேறில்லை. விளக்கவுரையாளர் பலர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர்.

ஃபேத்தோனின் உடன்பிறந்த நங்கையர் கல்லறையருகே நான்கு திங்கள் அழுது, நின்ற இடத்திலேயே மரங்களாகின்றனர். தாய் கிளிமேனே ஓடிவந்து பட்டையை உரிக்கிறாள், கிளைகளை ஒடிக்கிறாள், முறிந்த இடத்தில் குருதி சொட்டுகிறது. மரத்தோடு எங்கள் உடலும் கிழிகிறது, விட்டுவிடுங்கள் அம்மா என அவர்கள் கதறுகின்றனர். அன்பு குறைந்தவளல்லள் அத்தாய். துக்க வீட்டில் துயரப்படுவோரை விரைந்து பழைய நிலைக்கு இழுத்துவிட முயலும் நம் ஊழியர் சிலரை இக்காட்சி நினைவூட்டினால் வியப்பில்லை. அவர்களுடைய கண்ணீர் இறுகி அம்பராகி உரோம மணமகளிரின் அணியாவதாகக் கவிஞர் முடிப்பது சற்றுக் கொடிதே. ஆயினும் ஊரார் துயரம் நாளடைவில் பிறர்க்கு அணிகலனாகும் உண்மையை அவர் அறிந்தே எழுதினார் என்று கொள்ள இடமுண்டு.

பின்னர் யூப்பித்தர் ஆர்க்காதிய நாட்டைச் சீர்ப்படுத்த வருகிறார். ஊற்றுகள் மீள்கின்றன, வெந்த காடுகள் அவர் கட்டளைப்படி தளிர்க்கின்றன. பதிப்புகள் பலவும் இங்கே புதுத்தலைப்பு இடுவதால், அடுத்து வரும் கல்லிஸ்தோவின் கதை வேறொன்றெனத் தோன்றுகிறது. மூலத்திலோ இடைவெளி இல்லை. காட்டைத் தளிர்ப்பிக்க வந்தவரே, அக்காட்டில் இளைப்பாறிய கன்னியைக் கண்டு, வஞ்சித்துக் கெடுக்கிறார். அதன்பின் அவளுக்கு அக்காடே வெறுப்பாகிவிடுகிறது. தோழியரான அரமகளிர் அவள் நிலையை உணர்ந்திருந்தனராம், தேற்றியதாகச் செய்தியில்லை. நீராடத் தயங்கியபோது அவள் ஆடை களையப்படுகிறது. தியானாள் அவளைத் துரத்துகிறாள். நிலம் பசுமையுற்றுவிட்டால் துயரம் தீர்ந்தது எனக் கருதுவோர்க்கு ஓவிட் தரும் மறுப்பு இது.

இதனோடு சகரியா 11ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களை வைத்துப் பார்க்கலாம். லீபனோன் தன் வாசல்களைத் திறக்கவேண்டும்; தீ கேதுருக்களைப் பட்சிக்கும். கேதுரு விழுந்ததற்காகத் தேவதாரு புலம்புமாறு அழைக்கப்படுகிறது. பாசானின் கர்வாலி மரங்களும் அழைக்கப்படுகின்றன. மரங்களை அரசர்களாகவும், லீபனோனை எருசலேம் தேவாலயமாகவும் கொண்ட யூத விளக்கங்கள் உண்டு. இதை வீழ்ந்த வல்லரசுகளை எள்ளும் பாடலாகக் கொள்வோரும் பலர். எள்ளலே ஆயினும், அதன் அமைப்பு ஓவிடின் அரமகளிரிடம் காணாத ஒன்றைக் காட்டுகிறது. இங்கு மரத்தில் உறையும் தேவதை எவளும் இல்லை, மரமே புலம்புகிறது. அதுவும் தன் இழப்புக்காக அன்று, அயலில் நின்றது விழுந்ததற்காக. அதில் அச்சமும் கலந்திருக்கலாம்: கேதுருவே வீழ்ந்ததெனில் தேவதாருவுக்கு ஏது காவல்? அச்சத்தை அகற்றிவிட்டு இதைத் தூய பரிவாகப் பிரசங்கிப்பது வசனத்திற்கு நியாயம் செய்வதாகாது.

மூன்றாம் வசனத்தில் மரங்களின் குரல் ஓய்ந்து, இரு ஓசைகள் எழுகின்றன. மேய்ச்சல் நிலம் அழிந்ததால் மேய்ப்பர் அலறுகின்றனர். யோர்தான் கரையின் அடர்காடு அழிந்ததால் சிங்கக்குட்டிகள் முழங்குகின்றன. மந்தையைக் காப்பவரும் அதை வேட்டையாடுவதும் ஒரே வசனத்தில், ஒரே அழிவுக்காகக் குரலெழுப்புகின்றனர். இறைவாக்கினர் அவர்களை ஒப்புரவாக்கவில்லை. அடுத்த வசனத்திலேயே, கொலைக்கென்று குறிக்கப்பட்ட ஆடுகளை மேய்க்கும் கட்டளை வந்துவிடுகிறது.