இருவர் காணும் காதற்படம்: சிறைப்புறக் கிளவி வழி ஓர் ஆய்வு

காதலர் இருவர் தமக்கென ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, உடனிருந்து காண்பதற்குக் காதற்படம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முற்படுகின்றனர். அவர்கள் மணம் உறுதி செய்யப்பெற்றோராக இருக்கலாம். புதுமணம் புரிந்தோராக இருக்கலாம். பல்லாண்டு இல்லறம் நடத்தியோராகவும் இருக்கலாம். அவர்கள் எப்படத்தைத் தேர்வது என்னும் வினா ஆராய்ச்சி இதழ் ஒன்றில் இடம்பெறத் தக்கதோ எனப் புலவர் சிலர் ஐயுறக்கூடும். யாமும் முதற்கண் ஐயுற்றோம். ஆயினும் அகத்திணை மரபைப் பயின்றோர்க்கு இவ்வினா புதியதன்று என்பது சிறிது எண்ணிய அளவிலேயே எமக்குப் புலனாயிற்று.

முன்னாளில் இவ்வினா எழுவதற்கே இடம் குறைவு. ஊரில் ஓடிய படம் ஒன்றோ இரண்டோ. அவற்றுள் ஒன்றைக் கண்டு மீள்வர். இன்றோ இணைய வழியாக அறுபது எழுபது ஆண்டுப் படங்கள் இல்லத்துள்ளேயே வந்து நிற்கின்றன. பொருள் பெருகிய இடத்தில் தெரிவு இன்றியமையாததாகிறது. தெரிவு வேண்டுமிடத்துத் திறனாய்வும் வேண்டும். ஆனால் நம் திரைப்படத் திறனாய்வு ஒருவர் தனித்திருந்து காண்பதையே கருதி வளர்ந்தது. படம் நன்றா தீதா என்று அது வினவுகிறது. யாருடன் காண்பதற்கு நன்று என்று வினவுவதில்லை. ஒருவர் தனித்துச் சுவைக்கத் தக்க படமும் இருவர் அருகமர்ந்து காணத் தக்க படமும் ஒன்றே ஆதல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

சங்க அகப்பாடல்களின் அடிக்குறிப்புகளை நோக்குவார், தலைமகன் சிறைப்புறத்தானாகத் தலைவி தோழிக்குக் கூறுவதாகவோ தோழி தலைவிக்குக் கூறுவதாகவோ அமைந்த துறைகளைப் பலகாலும் காண்பர். வேலிப்புறத்தே தலைவன் வந்து நிற்கிறான். அவன் நிற்பதை இருவரும் அறிவர். அறியாதார் போல ஒருவரோடொருவர் பேசுகின்றனர். ஊர் அலர் தூற்றுவதும், அன்னை காவல் மிகுத்ததும், வழியின் ஏதமும் அப்பேச்சிற் பொருளாகின்றன. கேட்பவள் ஒருத்தி; கேட்பிக்கப்படுபவன் மற்றொருவன். நேரே கூறின் நாணழியும், அல்லது இரத்தல் போலத் தோன்றும். பிறரை முன்னிறுத்திக் கூறும்போது கருத்தும் சென்று சேரும், மானமும் கெடாது. வரைவு கடாவுதற்கு இதனினும் நுண்ணிய கருவியை நம் புலவர் கண்டாரல்லர்.

இருளில் அருகருகே அமர்ந்து படம் காணும் இருவர்க்கு வெண்திரை இத்தகைய வேலியாகிறது என்பது எம் கருத்து. திரையில் ஒருத்தி ஒருவனை நோக்கிப் பேசுகிறாள். அப்பேச்சு திரையின் புறத்தே அருகிருப்பவர் செவியில் விழ வேண்டும் என்பதற்காகவே அப்படத்தை ஒருவர் தேர்ந்திருக்கக் கூடும். ஆகவே படத்தைத் தேர்தல் என்பது தானே ஒரு கூற்று. பொழுதுபோக்கிற்கு ஏதோ ஒன்று என எண்ணித் தேர்ந்தாலும் கேட்பவர் அதனைக் கூற்றாகவே கொள்வர். இக்காரணத்தால் தவறிய தெரிவு, தாம் நினையாத ஒன்றைத் தம் வாயாற் கூறியதாக முடிகிறது.

இவ்வுண்மையைத் திரைப்படமே உணர்ந்து காட்டிய இடம் ஒன்று உண்டு. கௌதம் மேனன் இயக்கி 2010ஆம் ஆண்டு வெளிவந்த 'விண்ணைத்தாண்டி வருவாயா' என்னும் படத்தில், தலைவன் கார்த்திக் திரைப்பட இயக்குநனாகித் தன் காதல் வரலாற்றையே படமாக்குகிறான். வாழ்வில் தன்னை நீங்கிய ஜெஸ்ஸி அப்படத்தில் அவனை மணக்கிறாள். அதனைக் காண அவளும் வருகிறாள். அவளிடம் நேரே கூறவியலாத ஒன்றை ஊரறியத் திரையிட்டு, அவள் கேட்கக் கூறிவிடுகிறான். படம் முடிகிறது, அவளும் பிரிகிறாள். சிறைப்புறக் கிளவிக்கு இக்காலத்தில் இதனினும் பொருந்திய எடுத்துக்காட்டை யாம் அறியோம். இதே கதையை இதே இயக்குநர் அதே ஆண்டில் வேறு நடிகரைக் கொண்டு தெலுங்கிலும் எடுத்தார். அங்கே காதலர் கூடுகின்றனர். ஒரே மாலையில் இவ்விரண்டனுள் எதனைக் காண்பது என்று இருவர் வினவிக் கொள்வராயின், அவ்வினாவே அவர்தம் உள்ளத்தைப் பெரும்பாலும் வெளிப்படுத்திவிடும்.

இனி, எத்தகைய படம் இருவர்க்குரியது எனக் காண்போம். திருக்குறட் காமத்துப்பால் இருபத்தைந்து அதிகாரங்களை உடையது. அவற்றுள் களவியலுக்கு உரியன 7. கற்பியலுக்கு உரியன 18. நூலின் இறுதி மூன்று அதிகாரங்களும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என ஊடலைப் பற்றியனவே. வள்ளுவர் காதலர் முதற்காட்சியை மறந்தாரல்லர். ஆயினும் கூடிய பின்னர் நிகழும் வாழ்வே விரித்துரைக்கத் தக்கது எனக் கொண்டார். நம் திரைப்படமோ இவ்வளவையைத் தலைகீழாக்கிற்று. காட்சி, ஐயம், குறிப்பறிதல், இடையீடு, மணம் என்பதோடு பெரும்பாலான படங்கள் நின்றுவிடுகின்றன. மாலை சூட்டியவுடன் திரை விழுகிறது. மணந்து பத்தாண்டு ஆகிய இருவர் அத்தகைய படத்தைக் காணின், தம் வாழ்வின் தொடக்கத்தை நினைந்து சிறிது மகிழ்வரே அன்றித் தம் இன்றைய வாழ்வைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கமாட்டார்.

ஸ்ரீதரின் படங்களை ஈண்டு விரைந்து நோக்குவோம். 1959இல் வந்த 'கல்யாண பரிசு' தியாகத்தின் கதை. தமக்கையின் பொருட்டுத் தங்கை தன் காதலனை விட்டுக்கொடுக்கிறாள். தமக்கை இறந்தபின், தங்கை வேறொருவனை மணக்கும் நாளில் தன் குழந்தையை அவளுக்குப் பரிசாக அளித்து அவன் நீங்குகிறான். சிறந்த படமே. ஆயினும் அது எழுப்பும் அழுகை தனித்தழும் அழுகை. அருகிருப்பவர் கண்ணீரைத் துடைக்கத் தோன்றாது. 1962இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' மணந்த இருவரைப் பற்றியதுதான். எனினும் மருத்துவமனையும் இறப்பும் மாலைப்பொழுதிற்கு மிகுந்த சுமை. 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' களவியலே எனினும், மணம் உறுதியாகி இன்னும் நாணம் நீங்காத இருவர்க்கு அதனினும் ஏற்றதொன்றைக் காட்டல் அரிது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தார். நாகேஷ் தாம் எடுக்க எண்ணிய பேய்க்கதையைச் சொல்ல, கேட்கும் பாலையாவின் முகம் அச்சத்தால் மாறுபடும் காட்சியில் நாம் சிரிப்பது கதைக்கன்று, கேட்பவர் முகத்திற்கே. அக்காட்சியைக் காணும் இருவரும் திரையை விட்டு ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கிச் சிரிப்பர். பேசப் பழகாதார்க்கு அதுவே போதும்.

ஒருவகைப் படத்தை மட்டும் இருவர் காணும் மாலையினின்று முற்றும் விலக்குதல் வேண்டும் என்போம். உடன்படாத பெண்ணைத் தொடர்ந்து சென்றும், பொய்யுரைத்தும், உருமாறியும் இணங்கச் செய்வதைக் காதல் எனக் காட்டும் படங்கள் அவை. 2016இல் வந்த 'ரெமோ' இதற்குச் சான்று. வேறொருவனுக்கு உறுதி செய்யப்பெற்ற மருத்துவ மங்கையின் உள்ளத்தை மாற்றத் தலைவன் செவிலியாகப் பெண்ணுருக் கொண்டு அவளை அணுகுகிறான். நடிப்பு நகைப்பூட்டுவதே, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒத்த அன்பின்மையைத் தொல்காப்பியர் கைக்கிளை என்றும், காமம் மிக்கு வலிந்து செல்வதைப் பெருந்திணை என்றும் வேறுபிரித்து, அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தினார். மடலேறுவேன் எனத் தலைவன் கூறுவது ஐந்திணையில் அமையும், ஏறிவிடின் பெருந்திணையாம். அச்சுறுத்தலுக்கும் செயலுக்கும் இடையே கோடிட்ட அந்நுட்பம் இன்று பல கதாசிரியர்க்கு இல்லை. இப்படத்தை ஆடவன் ஒருவன் விரும்பித் தேர்ந்து தன் அருகிருப்பவளுக்குக் காட்டுவானாயின் சிறைப்புறத்தே அவள் கேட்பது யாது? அவள் மறுத்தாலும் அவன் கேளான் என்பதையே. நகைத்துக்கொண்டே கேட்பினும் அச்சொல் உள்ளே தங்கும்.

கற்பியற் படங்களுள் யாம் முதலிடம் தருவது மணிரத்னம் இயக்கி 1986இல் வெளிவந்த 'மௌன ராக'த்திற்கு. திவ்யா விருப்பமின்றிச் சந்திரகுமாரை மணந்து தில்லிக்குச் செல்கிறாள். என்ன பரிசு வேண்டும் எனக் கணவன் வினவ, மணவிலக்கு வேண்டும் என்கிறாள். அவன் சினவாமல் வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்கிறான். ஓராண்டு பொறுத்தல் வேண்டும் எனத் தெரியவருகிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மணமாகி ஓராண்டு கழியுமுன் மணவிலக்கு விண்ணப்பத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. இச்சட்டக் குறிப்பைக் கதைக்கு இயக்குநர் பயன்படுத்திய திறம் வியக்கத் தக்கது. முல்லைத் தலைவி கார்ப்பருவத்தைக் குறித்து ஆற்றியிருப்பாள். அப்பருவம் வந்தால் கணவன் வருவான். இங்கோ சட்டம் குறித்த ஓராண்டே பருவமாகிறது. அது முடிந்தால் கணவன் நீங்குவான். கூடுதற்கு வைத்த காலக்குறிப்பைப் பிரிதற்கு வைத்து, ஒரே வீட்டில் இருவரையும் இருத்தியதனால் முல்லையின் இருத்தலும் மருதத்தின் ஊடலும் ஒன்றாய்க் கலந்து புதியதோர் ஒழுக்கம் பிறக்கிறது.

மருதத்தில் ஊடல் தீர்க்க வாயில்கள் உண்டு. தோழி, பாணன், விருந்தினர், புதல்வன் எனப் பலர் இடைநின்று பேசுவர். தில்லி வாழ்வில் திவ்யாவுக்குத் தோழி இல்லை; சுற்றத்தார் தொலைவில் உள்ளனர்; மொழியும் அயன்மொழி. வாயிலற்ற வீட்டில் ஊடல் என்னாகும் என்பதே இப்படத்தின் உயிர்நிலை. கணவன் தாக்குண்டு வருந்த, அவள் பேணுகிறாள், உள்ளம் மாறுகிறது. மாறியதை வாயாற் சொல்லாமல், முன்னர்த் தான் ஏற்காது விடுத்த கொலுசை எடுத்து அணிந்து அவன்முன் நடக்கிறாள். கொலுசொலியே வாயிலாகச் செல்கிறது. அவன் அதனை ஏற்கவில்லை. முன்பு அவள் சொன்ன சொற்கள் அவன் செவியில் இன்னும் நிற்பதால் ஒலியை நம்ப அவனால் இயலவில்லை. இறுதியிற் புகைவண்டி நிலையத்தில், கையில் மணவிலக்குத் தாளோடு, அவள் நேரே சொல்ல வேண்டியதாகிறது. குறிப்பால் உணர்த்துதற்கும் ஓர் எல்லை உண்டு என இப்படம் காட்டும் இடம் இது. சிறைப்புறக் கிளவியைப் போற்றும் எம் கருத்திற்கு இது தடையே எனினும், நேர்மை கருதி இதனையும் ஈண்டுச் சுட்டுகிறோம். ஒருவர் படத்தைத் தேர்ந்து, காட்டி, வாளா இருந்துவிடின் கொலுசொலியின் நிலையே அதற்கும் நேரலாம்.

குறையும் உண்டு. தந்தையின் நோயைக் காட்டி மகளை இசையச் செய்த வன்மையைப் படம் மிக எளிதிற் கடந்துவிடுகிறது. இறந்துபட்ட காதலன் மனோகரனாகக் கார்த்திக் தோன்றும் பகுதி சிறிதே எனினும், அதன் விறுவிறுப்பால் பின்வரும் அமைதி சற்றே மங்குகிறது. படத்தைக் கண்டோர் பலர் அப்பகுதியையே நினைவிற் கொண்டிருத்தல் இதற்குச் சான்றாம்.

2000ஆம் ஆண்டில் அவரே இயக்கிய 'அலைபாயுதே'யும் இவ்வரிசையில் வைத்தற்கு உரியது. கார்த்திக்கும் சக்தியும் பெற்றோர் அறியாமல் மணந்து, பின்னும் தத்தம் வீட்டிலேயே வாழ்கின்றனர். கரணம் முடிந்தும் களவு தொடர்கிறது. கொடுப்போர் இன்றியும் கரணம் நிகழும் எனத் தொல்காப்பியம் உடன்போக்கின்கண் இடந்தருவது கற்றோர் அறிந்ததே. உண்மை வெளிப்பட்டுக் கட்டி முடியாத அடுக்குவீடு ஒன்றில் குடிபுகுந்த பின் எழும் சிறுசிறு பிணக்குகள் புலவி நுணுக்கத்தின் இயல்பை ஒத்துள்ளன. புதுமணத்தார்க்கு இது பெரிதும் பொருந்தும். ஆயினும் மனைவிக்கு நேரும் ஊர்தி விபத்தைக் கொண்டு ஊடல் தீர்க்கப்படுகிறது. பேசித் தீர வேண்டியதை இடுக்கண் தீர்த்துவிடுகிறது. 'மௌன ராக'த்தின் இறுதியில் உள்ள உறுதி இங்கு இல்லை.

படத்தை யார் தேர்வது என்பதும் நோக்கற்பாலது. சிறைப்புறத் துறைகளில் பெரும்பாலும் பேசுவோர் தலைவியும் தோழியும், கேட்போன் தலைவன். வீடுகளில் இன்று நிகழ்வது பெரிதும் இதற்கு மாறு. முதல் மாலையிலேனும் ஆடவன் வேலிப்புறத்தே நின்று கேட்பானாக.

எஞ்சியது '96'. பிரேம்குமார் இயக்கி 2018இல் வெளிவந்த இப்படத்தையே பலரும் இருவர் காணும் படமாகப் பரிந்துரைப்பதைக் கேட்டுள்ளோம். பள்ளித் தோழர் கூட்டத்தில் பல்லாண்டுக்குப் பின் சந்திக்கும் ராமும் ஜானுவும் ஓரிரவு முழுதும் சென்னையில் உடனிருந்து, எல்லை கடவாமற் பிரிகின்றனர். அவள் பிறன் மனைவி என்பதை இருவரும் ஒரு கணமும் மறவாமை அப்படத்தின் பெருமை. தனித்துக் காண இதனினும் நல்ல படம் அண்மைக் காலத்தில் வந்ததாக யாம் கருதவில்லை. ஆயின் அது அருகிருப்பார்க்கு உரைப்பதன்று. அங்கில்லாத யாரோ ஒருவர்க்கு உரைப்பது. காணும் இருவரும் தத்தம் பழம்பள்ளியை நோக்கித் தனித்தனியே சென்றுவிடுவர். ஜானு விமானமேறிச் சிங்கப்பூர் செல்கிறாள். அவள் விட்டுச்சென்ற உடையை ராம் மடித்துப் பழம்பொருள்கள் நிறைந்த பெட்டியில் வைத்து மூடுகிறான். அதனைக் கண்ட பின்னர் விளக்கேற்றி, அருகிருப்பவரிடம் எதைப் பேசித் தொடங்குவது?